திருடு போனாலும் நாம் குற்றவாளி, திருடு நடந்தாலும் நாம் குற்றவாளி

ஊர்த்தெருவில் பூட்டிய வீட்டை உடைத்துத் திருடினால் மோப்ப நாய் வருகிறது, கைரேகை நிபுணர் வருகிறார், மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது. காலனியில் நடந்தால்?

கரும்பு வெட்டப் போன குடும்பம் திரும்பி வந்து பார்க்கிறது. கதவு பெயர்ந்து கிடக்கிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த இரண்டு பவுன் இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் முதல் கேள்வி திருடனைப் பற்றியது அல்ல. "உனக்கு ஏது ரெண்டு பவுன்?"

செம்மண்டலத்திலிருந்து எழுதும் நாங்கள், புகார் கொடுக்கப் போன மக்களோடு நின்று இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம். கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. வழக்கே இல்லாதபோது யாரைத் தேடுவார்கள்?

போலீசுக்கு வேகம் இல்லையா? இருக்கிறது. 1993 மார்ச்சில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காக முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போனார்கள். அடித்தே கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். அவர் மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞராக இருந்த சந்துரு உயர்நீதிமன்றத்தில் வாதாடினார். 2006இல் தீர்ப்பு வர 13 ஆண்டுகள் ஆயின. 'ஜெய்பீம்' படமாகப் பார்த்து நாடே அழுதது இந்தக் கதையைத்தான்.

நம் வீட்டில் திருடு போனால் நம்மை நம்புவதில்லை. அடுத்தவர் வீட்டில் திருடு போனால் நம்மைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று: சேரியில் சொத்து இருக்காது, இருந்தால் அது திருட்டுச் சொத்து என்ற சாதிப் புத்தி. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே ரத்தானது. காவல் நிலையத்தின் மண்டைக்குள் இன்னும் ரத்தாகவில்லை.

ஆகவே மக்களே, சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள். வீடு புகுந்து திருடுவது பாரதிய நியாய சன்ஹிதா 305ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இப்படிப்பட்ட புகாரில் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். வழக்குப் பதிந்த பிறகும் விடாதீர்கள். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு.

மாவட்டக் காவல்துறையிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். காலனிகளிலிருந்து வந்த திருட்டுப் புகார்கள் எத்தனை, அவற்றில் வழக்கானவை எத்தனை, பொருள் மீட்கப்பட்டவை எத்தனை? கணக்கை வெளியிடுங்கள்.

"உனக்கு ஏது ரெண்டு பவுன்?" என்ற கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. வெயிலில் கரும்பு வெட்டிச் சேர்த்தது, ஐயா. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது உங்கள் வேலை.