கரிக்குழாய்த் தூசி

தோழர்களே, பஞ்சுத் தூசி நெஞ்சை என்ன செய்யுமென்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இதோ, இன்னொரு தூசி! தலைமயிரைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நுண்குழாய். பாட்டரியிலும் பிளாஸ்டிக்கிலும் கலக்கிறார்கள். அருமையான சரக்குதான், மறுக்கவில்லை.

ஆனால் 2008-இல் எடின்பரோ விஞ்ஞானிகள் நீண்ட குழாய்களைச் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கல்நார் இழை உண்டாக்கும் அதே வீக்கமும் புண்ணும் கண்டன. 2013-இல் அமெரிக்க அரசின் தொழிலாளர் சுகாதார ஆராய்ச்சி நிலையம், ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாதென்றது. அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! அதுவும் வெறும் சிபாரிசு, சட்டமல்ல. சிபாரிசுக்குப் பயந்து பணம் செலவழித்த முதலாளி உண்டா?

மூடிய இயந்திரத்துக்குள்ளேயே தூளைக் கையாள முடியும். திறந்த மூட்டையைக் கொட்டுகிறவனுக்கே ஆபத்து. அந்த அளவைச் சட்டமாக்கு. ஆலைக் காற்றை அளந்து கணக்கைச் சங்கத்திடம் கொடு!