மணவிலக்கும் மனையும்

தமிழர் மேடைகளில் பேசப்படாத பொருள்கள் சில உண்டு. அவற்றுள் தலையாயது மணவிலக்கு. கற்பின் பெருமை குறித்து மூன்று மணி நேரம் பட்டிமன்றம் நடத்துவோம்; மணம் முறிந்தபின் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு எந்தக் கூரையின் கீழ் உறங்குவாள் என்று மூன்று நிமிடம் பேசமாட்டோம். பேசினால் பண்பாடு கெட்டுவிடுமாம்! பேசாமையால் கெட்ட குடும்பங்களை நான் என் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன். ஆதலின் இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி, பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி மாற்றப் பாரம் கேட்டு வந்தாள். மணவிலக்குப் பெற்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. "வீட்டை மட்டும் விட்டுவிடாதே என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள், ஐயா. விடாமல் பிடித்துக்கொண்டேன். தவணை கட்டியே கையிருப்புத் தீர்ந்தது. இப்போது வீடும் ஏலத்திற்குப் போய்விட்டது" என்றாள். அவள் அழவில்லை. பாரத்தில் கையொப்பமிட்ட எனக்குத்தான் கை நடுங்கியது.

அவளுக்கு அறிவுரை கூறிய உறவினர் தீயவர் அல்லர், கணக்கு அறியாதவர். நாமாவது அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

புக்கிட் பெலிம்பிங் வட்டாரமும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். பின்னர் செம்பனை வந்தது. இன்று தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. கோலாலம்பூரையும் கோல சிலாங்கூரையும் இணைக்கும் விரைவுச்சாலை 2011இல் திறக்கப்பட்டபின் தலைநகரின் விலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. நான்கு இலட்சம் வெள்ளி வீடு ஒன்றிற்கு 3,60,000 வெள்ளி கடன் பெற்று, 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,590 வெள்ளி. 2025 முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. இருவர் சம்பளத்தில் வாங்கிய வீட்டை ஒருத்தியின் சம்பளம் எங்ஙனம் தாங்கும்? எஞ்சும் 110 வெள்ளியில் அரிசி வாங்குவாளா, பேருந்துக் கட்டணம் கட்டுவாளா?

அதே வீட்டை விற்றுக் கடனை அடைத்தபின் 80,000 வெள்ளி மிஞ்சுவதாகக் கொள்வோம். பாதி அவளுக்கு வருமாயின் 40,000. அதனை அவ்வீட்டின் தவணைக்கே செலவிட்டால் இருபத்தைந்து மாதங்களில் தீர்ந்துபோகும். சிறிய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, அத்தொகையைக் காத்தால், நாளை ஒரு மலிவு வீட்டிற்கு முன்பணமாகும். பெரிய வீட்டைப் பிடித்துக்கொள்வது மானம் என்கிறார்கள். பிள்ளையைப் பட்டினி போடும் மானம் யாருக்கு வேண்டும்?

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கடன் மணவிலக்கோடு மறைந்துவிடுவதில்லை. நீதிமன்றம் மணத்தைப் பிரிக்கும். வங்கி ஒப்பந்தத்தில் உள்ள பெயர் அப்படியே நிற்கும். வங்கியின் இசைவோடு கடனை மாற்றி எழுதாதவரை, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவரைக் கேட்கும்.

சட்டம் அவளைக் கைவிட்டதா? இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் திருத்தப்பெற்று 2018 டிசம்பர் 15 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, வீட்டைக் காத்துக் குடும்பத்தைப் பேணியவளின் உழைப்பும் சொத்துப் பங்கீட்டில் கருதப்படும். பிள்ளைகளின் உயர்கல்வி முடியும்வரை பராமரிப்புத் தொகை கோரவும் இடமுண்டு. வசதியற்றோர்க்கு அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் பெறத் திருமணம் பதிவாகியிருக்க வேண்டுமே! மண்டபத்திற்கும் விருந்திற்கும் ஆயிரக்கணக்கில் இறைக்கும் நம்மவருள், பதிவு அலுவலகத்திற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்காதோர் இன்றும் உளர். தாலி இருந்தும் பதிவில்லாதவள், மன்றத்தில் மனைவி என்று நிற்பதே அரிதாகிவிடுகிறது.

தோட்டப்புறத்திலோ இத்துயர் பழையது. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. கணவனுக்கு வேலை என்றால் வீடு கணவனுடையது. பிரிந்த மனைவி மூட்டையோடு வெளியேறுவாள். தோட்டத் துண்டாடல் காலத்தில் முழுக் குடும்பங்களே வெளியேறின. அக்கொடுமை கண்டு 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நைஜல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார் முதலிய தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியதை நாடறியும். குடும்பத்திற்கே வீடு கிடையாத இடத்தில், பிரிந்த பெண்ணுக்கு வீடு ஏது?

கண்ணகி தன் சிலம்பைக் கணவனுக்கு முதலாக ஈந்ததை நாம் வியந்து போற்றுகிறோம். அவளிடம் எஞ்சியது என்ன என்று எந்த வகுப்பிலாவது கேட்டதுண்டா? ஒற்றைச் சிலம்பு! இன்றும் நம் பெண்டிர் நகையை அடகு வைத்தே வீட்டு முன்பணம் கட்டுகின்றனர். பத்திரத்தில் பெயர் மட்டும் கணவனுடையது. அடகுச் சீட்டையாவது வைத்திருக்கிறாயா என்று ஒருவரும் கேட்பதில்லை.

"மணவிலக்கைப் பற்றிக் கற்பித்தால் மணவிலக்குப் பெருகும்" என்பார் சிலர். தீயணைப்புக் கருவியை மாட்டியதால் எந்தப் பள்ளிக்கூடமும் தீப்பற்றியதில்லை. வரவு செலவு அறிந்த பெண் குடும்பத்தை முறிப்பாள் என்பது, எழுத்தறிந்த பெண் கெட்டுப்போவாள் என்று அன்று சொன்னவர்களின் பேச்சேயன்றி வேறில்லை.

ஆசிரியப் பெருமக்களே! ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் வட்டி கற்பிக்கும்போது, வீட்டுக் கடன் ஒன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திருமணப் பதிவையும் சொத்துப் பத்திரத்தில் இருவர் பெயரையும் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். மாணவியரே! உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, ஊழியர் சேமநிதி, வீட்டுப் பத்திரங்களின் படிகள், நகைகளின் இரசீதுகள் ஆகியவற்றை மணநாளிலிருந்தே பேணுங்கள். மணம் நிலைத்தால் அவை இருவர்க்கும் நன்மை. நிலைக்காவிடில் பிள்ளைகளுக்குக் கூரை.

என் மாணவி அன்று பாரத்தை வாங்கிக்கொண்டு நடந்தபோது, அவள் இளைய மகன் தன் வகுப்பறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் போன புதிய ஊரில் தமிழ்ப்பள்ளி இல்லை.