பூங்கா பொதுவா?

எந்த ஊர் முனிசிபாலிட்டியைக் கேட்டாலும் பூங்கா என்பது பொது ஜனங்களுக்காக ஏற்பட்டது என்றுதான் சொல்லுவார்கள். வாசலில் ஒரு பலகையும் இருக்கும். அதில் பூப் பறிக்கக் கூடாது, நாயைக் கொண்டுவரக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்பதாகக் கூடாதவைகள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் பலகையில் எழுதாமலேயே அமுலில் இருந்துவரும் கூடாது ஒன்று உண்டு. அது என்னவென்றால், நடக்க முடியாதவன் உள்ளே வரக்கூடாது என்பதேயாகும். இதை மையால் எழுதினால் ஊரில் நாலு பேராவது ஏனென்று கேட்பார்கள். ஆனபடியால் சிமெண்டாலும் இரும்பாலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது மிகைப்படுத்திச் சொல்லுவது அல்ல. நமது தோழர் ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயின. இப்போது நாற்பத்தைந்து வயது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே, யாரிடமும் கையேந்தாமல், தன் உழைப்பில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறவர். சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, புழுக்கம் தாங்காமல், நாங்கள் மூன்று பேர் அவரையும் அழைத்துக்கொண்டு ஊர்ப் பூங்காவுக்குப் போனோம். வாசலில் மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையாதிருப்பதற்காக இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து நட்டிருந்தார்கள். ஆள் உடம்பை ஒடுக்கித் திரும்பித் திரும்பிப் போகலாம், நாற்காலி போகாது. பக்கத்துப் பெரிய கதவுக்குப் பூட்டு. பூட்டின் சாவி ஆபீசில். அதையும் தாண்டினால் உள்ளே மூன்று படிகள்.

காவற்காரர் நல்ல மனிதர். “அதுக்கென்னங்க, தூக்கிக்கிட்டுப் போயிரலாம், நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். வழியில் போன இரண்டு வாலிபர்களும் ஓடி வந்தார்கள். நமது தோழர் சிரித்துக்கொண்டே, “வேண்டாம் அண்ணே, நான் அரிசி மூட்டை இல்லை. நீங்கள் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள், நான் இங்கே ஒரு டீ குடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அவர் பேரில்தான் கோபம் வந்தது. இத்தனை பேர் உதவிக்கு வரும்போது இந்த மனிதனுக்கு என்ன வீறாப்பு என்று நினைத்தேன். ஊர் ஊராய்ப் போய்ச் சுயமரியாதையைப் பற்றி மேடையில் பேசுகிறவனுக்கு இவ்வளவுதான் புத்தி. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. தூக்கிக்கொண்டு போனால் உள்ளே இருக்கலாம், சரி. வெளியே வரவேண்டுமென்றால்? மறுபடியும் நாலு பேர் வேண்டும். காற்று வாங்கியது போதும் என்று தானாக எழுந்து வர முடியாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் தயவு. ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்கிற குழந்தைகளின் கண்ணுக்கு நடுவே கைகால் தொங்கப் போக வேண்டும். வரி மட்டும் அவர் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சட்டப்படி வசூலாகிறது. வரியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுங்கள் என்று முனிசிபாலிட்டியை அவர் கெஞ்ச வேண்டியதில்லை. அவர் மட்டும் உள்ளே போவதற்கு நாலு பேரைக் கெஞ்ச வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்கின்றேன்.

1924ஆம் வருஷத்தில் வைக்கத்தில் நடந்தது நமக்குத் தெரியும். அங்கே முக்கியமாய்க் கேட்கப்பட்டது கோயிலுக்குள் போவது அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பது. தெருவில் நடக்காவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்து போயிற்று, வேறு தெரு இல்லையா என்பதுதான் அன்றைய சமாதானம். இன்று பூங்காவுக்குள் போகாவிட்டால் அந்தத் தையற்காரருக்கு என்ன குறைந்து போயிற்று, வெளியிலும் காற்று வரத்தானே வருகிறது என்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. இது நினைக்காமலே செய்தது. ஆனால் வெளியே நிற்கிறவனுக்கு, தன்னை வெறுத்து வெளியே நிறுத்தினார்களா, மறந்து வெளியே நிறுத்தினார்களா என்பதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

நிற்க, இந்த மறதி எங்கேயிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் கண் தெரியாதவனையும் கால் வராதவனையும் பற்றி ஒரு தீர்ப்பு வெகு காலத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது. முன் ஜென்மத்தில் செய்த பாவம், தலையெழுத்து என்பதே அந்தத் தீர்ப்பு. இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. குற்றம் முழுவதும் அவனுடையதாகவும் அவனைப் பெற்றவளுடையதாகவும் போய்விடுகிறபடியால், படி கட்டிய கொத்தனாருக்கும் கட்டச் சொன்ன இஞ்சினீயருக்கும் பணம் ஒதுக்கிய கவுன்சிலருக்கும் ஒரு வேலையும் மிச்சமில்லை. தலையெழுத்து என்று ஒன்று இருந்து அது அவர் காலை எழுதிற்று என்றே வைத்துக்கொண்டாலும், பூங்காக் கதவின் அகலத்தையுமா எழுதிற்று? அதை எழுதியவர் சம்பளம் வாங்குகிற ஒரு இஞ்சினீயர் அல்லவா?

போலியோவும் தலையெழுத்து என்றுதான் சொல்லப்பட்டது. தாய்மார்கள் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை. 1995 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் அந்த வியாதிக் கிருமியால் இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை; 2014இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு சொட்டில் அழிந்துபோகிற எழுத்தை எழுதிய பிரம்மாவை இன்னும் சாட்சிக்கு அழைப்பது வேடிக்கைதான்.

இன்னொரு சமாதானம் சொல்லுகிறார்கள். சோற்றுக்கும் வேலைக்குமே வழியில்லாதபோது பூங்காவும் உல்லாசமும் எதற்கு, முதலில் உதவித் தொகையை உயர்த்தட்டுமே என்பது. உயர்த்தட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கால் உள்ளவனுக்குப் பூங்கா கட்டும்போது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? சோறு தின்று, வேலை செய்து, படுத்துத் தூங்குவது மட்டும் போதும் என்றால் அது மாட்டுக்குச் சொல்லவேண்டிய கணக்கு. மாலையில் மரத்தடியில் உட்கார்ந்து நாலு பேரோடு அரசியல் பேசுவதும், பேரக்குழந்தை ஊஞ்சலாடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் மனித வாழ்வைச் சேர்ந்தவைதான். 2011 ஜனக் கணக்கின்படி உடற்குறை உள்ளவர்கள் இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தனை பேரையும் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் பூங்காவுக்கு வருவதே இல்லையே, அவர்களுக்கு எதற்குப் பாதை என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவு அதிகம் என்பதும் புரட்டு. கணக்கைப் பாருங்கள். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் 12 அடி நீளத்துக்குச் சரிவுப் பாதை வேண்டும். அரையடி வீதம் மூன்று படிகள் என்றால் ஒன்றரை அடி உயரம்; 18 அடி நீளச் சரிவு போதும். பக்கத்தில் பிடிக்கக் கம்பி. வாசலில் மூன்றடி அகலமாவது தடையில்லாத வழி. பாதையில் மணலையும் ஜல்லியையும் கொட்டக் கூடாது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, புதைந்து நின்றுவிடும். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கிற அளவு இடம் விட்டால் கூட வந்தவர்களோடு சேர்ந்து உட்காரலாம். இல்லாவிட்டால் அவர் மட்டும் நடைபாதையில் போகிறவர் வருகிறவர் காலடியில் நிற்க வேண்டும். கக்கூசு ஒன்று அவர் திரும்பும்படியாக. முதலிலேயே யோசித்துக் கட்டினால் இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. செயற்கை நீரூற்றுக்கும் சிமெண்டு மான்குட்டிக்கும் ஆகிற பணத்தில் பெரும்பாலும் முடிந்துபோகும். கிழவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிற தாய்மார்களுக்கும் அதே பாதைதான். பழனி மலையில் படி ஏறாமல் போய்ச் சாமி பார்ப்பதற்கு விஞ்சும் ரோப் காரும் போட நமது ஜனங்களுக்குப் புத்தியும் பணமும் இருந்தன. அரச மர நிழலுக்குப் போக மூன்று படியைச் சரிவாக்கப் புத்தி இல்லை என்றால் யார் நம்புவது?

செய்தால் முடியும் என்பதற்குச் சென்னை மெரினாவே அத்தாட்சி. சக்கர நாற்காலி மணலில் போகாது ஆகையால், நகரத்திலேயே பிறந்து வளர்ந்தும் அலையைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள் பலர் இருந்தார்கள். உடற்குறை உள்ளவர்களும் அவர்களுடைய சங்கங்களும் வருஷக்கணக்காகக் கேட்டு, டிசம்பர் மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பது போல வருஷத்துக்கு ஒரு முறை கடல் திறந்தது! மற்ற நாளெல்லாம் கடல் எங்கே போயிற்று என்று அவர்கள் விடாமல் கேட்டதன் பேரில், 2022 நவம்பர் 27ஆம் தேதி விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தரமான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. பணம் பாழ் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. புயலில் ரோடு போனால் ரோடே வேண்டாமென்று யாரும் சொல்லுவதில்லை. பாதையைப் பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள்.

வெளிநாட்டில் இன்னும் கொஞ்சம் துணிந்து யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரத்தில், வீடு கட்டி விற்கும் தொழிலிலிருந்த கோர்டன் ஹார்ட்மன் என்பவர் தம் மகள் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட முடியாததைப் பார்த்து, 2010இல் மார்கன்ஸ் வொண்டர்லாண்டு என்ற பூங்காவைத் திறந்தார். அங்கே ராட்டினத்திலும் ஊஞ்சலிலும் நாற்காலியோடு ஏறலாம். 2017இல் பக்கத்திலேயே தண்ணீர் விளையாட்டுப் பூங்காவும் திறந்து, மின்சாரம் இல்லாமல் காற்றழுத்தத்தினாலேயே ஓடுகிற, நனையக்கூடிய சக்கர நாற்காலிகளையும் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது யந்திரம் அல்ல. அங்கே உடற்குறை உள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒரே இடத்தில் விளையாடுகிறார்கள் என்பதுதான். நம்மவர்கள் ஒரு மூலையில் தனி வேலி போட்டு, “சிறப்புக் குழந்தைகளுக்கு” என்று பலகை மாட்டி, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவதில்தான் பிரியம் உள்ளவர்கள். தனிக் கிணறு, தனிச் சுடுகாடு கண்ட தேசத்துக்குத் தனி ஊஞ்சல் கஷ்டமா?

சட்டம் இல்லையோவென்றால், தாராளமாய் இருக்கிறது. 2016ஆம் வருஷத்து உடற்குறை உள்ளோர் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதில் பொழுதுபோக்குக்கானவைகளையும் சேர்த்தே சொல்லுகிறது. இருக்கிற கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் திருத்த வேண்டுமென்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன். ஐந்து வருஷம் 2022 ஜூனோடு சரி. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், பிறகு 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வசதிகளைப் பற்றிய விதி வெறும் சிபாரிசாக இருப்பது சட்டத்துக்கே விரோதம், கட்டாய விதி செய்யுங்கள் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. நம் மாகாணத்திலோ ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றி மாற்றுத்திறனாளி என்று மரியாதையாக அழைக்கிறோம். நல்லதுதான். பெயர்ப் பலகையை மாற்றியவர்கள் அந்தக் கையோடு வாசலையும் மாற்றியிருக்கலாம்.

இவ்வளவும் ஊராரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது யோக்கியமாகாது. நமது கூட்ட மேடைகள் எத்தனை அடி உயரம்? ஏறுவதற்கு என்ன வழி? கர்மம் பொய், விதி பொய் என்று நான் நூறு மேடைகளில் பேசியிருக்கிறேன்; ஏறக்குறைய எல்லா மேடைக்கும் ஒரு மர ஏணியோ நாலு படியோதான். அந்தத் தையற்காரத் தோழர் எல்லாக் கூட்டங்களுக்கும் வருகிறவர், நன்றாய்ப் பேசக்கூடியவர். இதுவரை கீழே ஓரமாக நின்று கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரை ஒரு தடவையாவது பேசக் கூப்பிடாததற்குக் காரணம் என்ன என்று என்னை நானே கேட்டுக்கொண்டபோது வெட்கமாகத்தான் இருந்தது.

முனிசிபாலிட்டிக்கு அவரும் நாங்களுமாக மனுக் கொடுத்திருக்கிறோம். குழாயை எடுத்தால் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடுமே என்கிறார்கள். பெரிய கதவைத் திறந்து வைத்துக் காவற்காரரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அதற்குத்தானே சம்பளம் என்று பதில் எழுதியிருக்கிறோம். அது எப்போது முடியுமோ, நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த மாதம் எங்கள் ஊரில் நடக்கும் கூட்டத்துக்கு மேடை ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் இல்லை. தச்சரிடம் 18 அடிப் பலகைச் சரிவுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்று முதலில் பேசுகிறவர் அந்தத் தையற்காரத் தோழர்தான். பேச்சுக்கு அரை மணி நேரம் கேட்டிருக்கிறார்.