விற்ற விலை வேறு, கையில் மிஞ்சுவது வேறு

சொத்து முகவரான என்னிடம் இளம் தம்பதியர் முதலில் கேட்பது, "இந்த வீவக வீட்டை விற்றால் எவ்வளவு லாபம்?" என்பதுதான். விற்கும் விலையில் வாங்கிய விலையைக் கழித்து, மனக்கணக்கோடு வருகிறார்கள்.

வீட்டுக்காக மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த தொகையை, ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டு வட்டியோடு அவரவர் கணக்கில் திரும்பச் செலுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100,000 வெள்ளி எடுத்திருந்தால், பத்தாண்டில் அது ஏறத்தாழ 128,000 வெள்ளி. அதுவும் அவர்கள் பணம்தான். ஆனால், அடுத்த வீட்டின் புதுப்பிப்புப் பணிக்கு அதைத் தொட முடியாது. கடன் பாக்கியும் கழிந்து மிஞ்சுவதே ரொக்கம்.

இதை விளக்கினால் சிலர் விற்கும் எண்ணத்தையே கைவிடுவார்கள். என் தரகுப் பணமும் போகும். போகட்டும். முகவராக விரும்பும் இளையர்களே, விளம்பரத்துக்குப் படம் எடுக்குமுன் அவர்களது மசேநி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.