சக்கையும் சத்தும்

நகரத்தில் பாலக்கீரையைப் பச்சையாக மிக்சியில் அடித்து, வடிகட்டி, சக்கையைக் குப்பையில் கொட்டுகிறார்கள். நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. கல்லுக்குக் காரணமாகும், நீரில் கரையும் ஆக்சலேட் டம்ளரிலேயே தங்குகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் இதைக் குடிப்பது வினையை விலை கொடுத்து வாங்குவதுதான். ஜவ்வாது மலைக்கு இந்தக் கூத்து தேவையில்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் விளையும் சாமையும் வீட்டோர முருங்கையும் போதும். இவற்றைக் கஞ்சியாக்கும் செய்முறைக்கு யாழ்ப்பாணத்து இலைக்கஞ்சியைப் பார்க்கலாம். அரிசியைக் குழைய வேகவிட்டு, அரைத்த இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. இலையின் இரும்புச்சத்து உடம்பில் சேர, புளிப்பிலுள்ள வைட்டமின் சி கைகொடுக்கும். பீட்டா கரோட்டினுக்கு வேண்டிய கொழுப்பைத் தேங்காய்ப்பால் தரும். அரிசிக்குப் பதில் சாமையைப் போடுங்கள். முருங்கை இலையைப் பிழியாமல் விழுதாகவே சேருங்கள், நாரும் மிஞ்சும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள், கடையில் விற்கும் கீரைப் பொடி டப்பாவுக்குக் கொட்டும் காசை மலைச் சாமைக்குக் கொடுக்கட்டும். குடிப்பவருக்கும் நல்லது, விளைவிப்பவருக்கும் நல்லது.