மே மாத ஊட்டியை வைத்தா கணக்குப் போடுவது?

"ஊட்டிக்குச் செலவழிக்கிற காசில் தாய்லாந்தே போய்வந்துவிடலாம்" என்ற பேச்சு பல்லடத்தில் தறிக்கூடம் முதல் கோழிப்பண்ணை வரை அடிபடுகிறது. இந்தக் கணக்கு தவறு.

மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாத அறை வாடகையை, விளம்பரத்தில் வரும் அடிமட்ட விமானக் கட்டணத்தோடு ஒப்பிடுகிறார்கள். மே மாத நெரிசல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டி செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸே வந்தது. அந்த மாதத்தை வைத்து ஊட்டியை எடைபோடுவது நியாயமல்ல. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் உண்டு. அப்போது கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

மறுபக்கம் பாருங்கள். பெரியவர் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கட்டணமே 1,500 ரூபாய். அதற்குமேல் பெட்டிக் கட்டணம், பணமாற்றில் கழியும் காசு, விமான நிலையம் போய்வரும் கார் வாடகை. இவை எதுவும் விளம்பரத்தில் இருக்காது.

சிக்கனம்தான் நோக்கமென்றால், பல்லடத்திலிருந்து திருமூர்த்தி மலைக்கோ அமராவதி அணைக்கோ உடுமலை வழியாகப் பேருந்திலேயே போய், அன்றைக்கே வீடு திரும்பலாம்.

வெளிநாடு போகவே கூடாது என்பதல்ல என் வாதம். சேர்த்து வைத்த பணத்தில் தாராளமாகப் போங்கள். நான்கு நாள் சுற்றிவிட்டு ஆண்டு முழுக்கத் தவணை கட்டுவதற்குப் பெயர் சிக்கனமல்ல, கடன்.