அதிபர் என்ன இரும்பா?



"அதிபர் என்றால் 24 மணித்தியாலமும் பாடசாலைக்காக உழைக்க வேண்டும். முடியாவிட்டால் கதிரையை விட்டு இறங்கட்டும்." எங்கள் பகுதி வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் இப்படி எழுத, பலர் கைதட்டியிருந்தார்கள். பெயர் சொல்லிச் சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தக் கருத்து பிழை.

தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எங்களுக்கு அதிபரின் ஒரு நாள் எப்படியென்று தெரியும். காலை 7.30க்கு முன்னமே கேட் திறக்க வேண்டும். லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கு ஆள் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் தானே போய் நிற்க வேண்டும். பிள்ளைகளின் சாப்பாடு வந்ததா, எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். குழாய் உடைந்தால் தோட்டத்து ஆபீசுக்கு ஓட வேண்டும். இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து போன்: "அந்த விபரத்தை 12 மணிக்குள் அனுப்புங்கள்." போன வாரம் கொடுத்த அதே விபரம்தான், படிவம் மட்டும் வேறு. பெரிய பாடசாலையில் இதற்குக் கந்தோரில் ஆள் உண்டு. சின்னப் பாடசாலையில் கிளாக்கரும் அதிபர்தான், சில நாளில் காவலாளியும் அவர்தான். அதிலும் சிலர் பதில் அதிபர்கள். பொறுப்பு முழுசு, பதவி அரைவாசி.

நாங்கள் வேலை செய்த ஒரு சேர், நோன்பு மாதத்தில் "நீங்க வெள்ளன போங்க, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்பார். அந்த மிச்சம் எவ்வளவு என்று நாங்கள் கேட்டதே இல்லை. லாச்சியில் பிரஷர் மாத்திரை இருக்கும். கிளினிக் நாளில் கூட்டம் வந்தால் கிளினிக்கைத்தான் தள்ளிப்போடுவார். ஒரு நாள் கந்தோரிலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் விபரம் கேட்டுப் போன் வந்தது. பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றார். அந்தக் கதிரைக்கு எங்களில் ஒருவரும் கை தூக்கவில்லை. நஷ்டம் யாருக்கு? லயத்துப் பிள்ளைகளுக்கு.

இங்கிலாந்தில் ரூத் பெரி என்ற தலைமை ஆசிரியை 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாடசாலைப் பரிசோதனை அதற்குப் பங்களித்தது என்று அந்த வருட டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2024இல் பாடசாலைக்கு ஒற்றைச் சொல்லில் தரம் போடும் முறையை அங்கே நிறுத்தினார்கள். ஒரு உயிர் போன பிறகுதான் அதுவும் நடந்தது. நாங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறோமா?

"சம்பளம் எடுக்கிறார்கள்தானே" என்பார்கள். 2021 ஜூலை 12இல் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் அதிபர்களும் ஆசிரியர்களும் போராடித்தான் சம்பள முரண்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மீதிக்காக 2024 ஜூன் 26இல் கொழும்பில் இறங்கியபோது தண்ணீர்ப் பீரங்கிதான் கிடைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகத்துப் பாடசாலைகள் முகாம்களானபோது சாவியோடு வந்து நின்றவர்களில் அதிபர்மாரும் இருந்தார்கள். அப்போது யாரும் சம்பளக் கணக்குப் பார்க்கவில்லை.

மன அழுத்தத்துக்கு செயலமர்வு வைக்கிறார்கள். அதையும் சனிக்கிழமை வைத்தால் அழுத்தம் குறையுமா? குறைக்க வேண்டியது வேலையை. சின்னப் பாடசாலை இரண்டு மூன்றுக்கு ஒரு கிளாக்கராவது கொடுங்கள். ஒரு விபரத்தை ஒரு தடவை மட்டும் கேளுங்கள். மாலை 5 மணிக்குப் பிறகு அவசரம் தவிர எதையும் அனுப்பாதீர்கள். பதில் கடமையை வருடக்கணக்கில் இழுக்காதீர்கள்.

அதிபர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது பெருமையில்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள், கிளினிக் நாளில் கிளினிக்குக்குப் போங்கள். உடம்பும் ஒரு அமானிதம்.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கு, புத்தக விநியோகம், இடாப்பு என்று ஆளுக்கொன்றை ஆசிரியர்கள் நாங்கள் எடுக்கலாம். பெற்றோரும் பழைய மாணவரும் குழாய், கூரை, மதில் வேலையைப் பார்க்கலாம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் கணக்குக் கேட்கும் முன், "சேர், எந்த வேலையை நாங்கள் எடுக்கட்டும்?" என்று ஒருவராவது கேளுங்கள்.